‘மொட்டைமாடி’யும் உன் அத்தையின் ‘கடைசி பஸ்’ஸும்

பாப்பா,

நலமா என்று கேட்டு இதைத் தொடங்கப் போவதில்லை. உன் மாமியார் கையில் இருக்கிறவள் நலமாகத்தான் இருப்பாய். வேளைக்குச் சாப்பாடு, வேளைக்கு மாத்திரை, சாயங்காலம் ஆனால் கீழ வீதியில் மெதுவாக ஒரு நடை, வந்து உட்கார்ந்தால் கால் வைக்க ஒரு முக்காலி. எல்லாம் உன் அப்பா மூலமாக என் காதுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. ஊரில் மற்ற அம்மாக்கள் எல்லாம் பெண்ணை மாமியார் படுத்துகிறாள் என்று நம் கடைக்கு வந்து மனு டைப் அடித்துக்கொண்டு எதிரே கோர்ட்டுக்குப் போகிறார்கள். என் பெண்ணை மாமியார் தாங்குகிறாள் என்று நான் யாரிடம் மனு கொடுப்பது? இதைப் போனில் சொல்லலாம்தான். சொன்னால் நீ நடுநடுவே ‘சரிம்மா, சரிம்மா’ என்பாய், நானும் பாதியில் அடங்கிப்போவேன். அதனால் கோர்ட் லீவில் மஞ்சக்குப்பமே காலியாகக் கிடக்கும் இந்த மத்தியானத்தில், ஜெராக்ஸ் மெஷினை அணைத்துவிட்டு, கடைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அடிக்கிறேன். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. உன் அத்தை படிக்கட்டும், மாப்பிள்ளை படிக்கட்டும், பெண்ணைக் கட்டிக்கொடுத்த எந்த அம்மா படித்தாலும் சரிதான்.

வளைகாப்பு அன்று வேனில் ஏறும் முன் நான் சொன்ன வார்த்தையிலிருந்து தொடங்குகிறேன். ஏழாம் மாதம் வளையல் போட்டுப் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்து வருவது நம் பக்கத்து வழக்கம். தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான். அதில் யாரும் கேள்வி கேட்டதில்லை. அதை நம்பித்தான் உன் அறைக்கு வெள்ளையடித்தேன், ஜன்னலுக்குக் கொசுவலை போட்டேன், உன் அப்பாவின் பழைய பீரோவை ஹாலுக்குத் துரத்தினேன். புளிசாதம், தேங்காய்சாதம், சர்க்கரைப் பொங்கல் என்று அடுக்கடுக்காகக் கட்டிக்கொண்டு சிதம்பரம் வந்தேன். வேனில் நடு சீட்டை உனக்காக ஒதுக்கி, முதுகுக்கு ஒன்று காலுக்கு ஒன்று என்று தலையணைகூட வைத்திருந்தேன். எல்லாம் நல்லபடியாக முடிந்து, கையெல்லாம் சந்தனமும் வளையலுமாக நீ வாசலுக்கு வந்தாய். வந்து, என் முகத்தைப் பார்க்காமல், “அம்மா, நான் இங்கயே இருந்துடட்டுமா? செக்கப்பு எல்லாம் இங்கதான பாக்கறாங்க. அத்தையும் பக்கத்துல இருக்காங்க” என்றாய். சொந்தக்காரர்கள் எல்லாம் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு எங்கிருந்துதான் அந்த வார்த்தை வந்ததோ, “அப்ப உங்க அத்தை கேசட்டக் கேட்டுக்கிட்டே பெத்துக்க” என்றேன்.

சுற்றி நின்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. உன் பெரியம்மா, “என்னாடி கேசட்டு?” என்று வேன் புறப்பட்ட பிறகும் கேட்டுக்கொண்டே வந்தாள். உனக்குப் புரிந்தது. கதவோரம் நின்ற உன் அத்தைக்கும் புரிந்தது. அவர் முகம் மாறியதைப் பார்த்தேன், பார்த்ததில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. செம்மங்குப்பம் கெமிக்கல் கம்பெனிகளைத் தாண்டும்போது உன் அப்பா, “கண்ணாடிய ஏத்துங்க, கம்பெனி நாத்தம் வருது” என்றார். என் கண்ணில் தண்ணீர் வந்ததற்கு அந்த நாற்றத்தின் மேல் பழி போட்டுக்கொண்டேன். அங்கேயே வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனுஷனுக்குத் தெரியாதா, எது நாற்றத்தில் வருகிற தண்ணீர், எது வேறு தண்ணீர் என்று? தெரிந்தும் ஒன்றும் கேட்காமல், காலி சீட்டில் கிடந்த தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து நான் உன்னோடு பேசவில்லை.

இப்போது கேசட்டுக்கு வருகிறேன். உனக்கு எல்லாம் தெரியும், ஆனாலும் என் வாயால் முழுசாகச் சொன்னதில்லை. சினிமாப் பாட்டை விட்டால் வேறு பாட்டே கிடையாது என்று நாங்கள் நினைத்திருந்த காலத்தில் ‘கலர் சோடா’ என்று நாலு பேர் கிளம்பி வந்தார்கள். தாடிக்காரர் ஒருவர் கிடார், மாலதி என்று ஒரு பெண் கீபோர்டு, பின்னால் டிரம்ஸுக்கும் பேஸ் கிடாருக்கும் இரண்டு பையன்கள். இவர்கள் பாட்டில் ஒரு வழக்கம் உண்டு: தாடிக்காரர் ஏதாவது கேட்பார், மாலதி பதில் சொல்லுவாள். அவர் பெரிதாக உருகுவார், அவள் ஒரே வரியில் அவர் காலை வாரிவிடுவாள். காலேஜில் நாங்கள் பெஞ்சுக்கு இந்தப் பக்கம் தாடி, அந்தப் பக்கம் மாலதி என்று பிரிந்து நின்று கத்துவோம். முதல் மூன்று கேசட்டும் அப்படி ஓடின. டீக்கடை, டவுன் பஸ், கல்யாண வீடு என்று எங்கே போனாலும் அதுதான். நாலாவதாக வந்தது ‘மொட்டைமாடி’. அது ஓடவில்லை. ஐந்தாவது, கடைசி, ‘கடைசி பஸ்’. அது வந்ததே பலருக்குத் தெரியாது.

‘மொட்டைமாடி’ வந்தபோது நீ என் வயிற்றில் இருந்தாய். திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருந்த கேசட் கடைக்காரர் அதை எடுத்துக் கொடுக்கவே யோசித்தார். “இது வேணாங்க்கா. ஒரே எரைச்சலா இருக்குதுன்னு திருப்பிக் குடுக்குறாங்க. மூணாவதையே எடுத்துக்குங்க” என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. தாடிக்காரருக்குப் புதிதாக ஒரு டிரம் மெஷின் கிடைத்திருக்கும் போலிருக்கிறது, பாட்டுக்குப் பாட்டு அதைப் போட்டுத் தட்டியிருந்தார். தண்ணீர் டேங்க் வழிவதைப் பற்றி ஒரு பாட்டு, ஆண்டெனாவைத் திருப்பித் திருப்பி வைப்பதைப் பற்றி ஒரு பாட்டு. காதல் பாட்டு கேட்க வந்தவர்களுக்கு டேங்கும் ஆண்டெனாவும் எதற்கு? போதாததற்கு மாலதிக்கு ஜலதோஷம். பாதிப் பாட்டில் மூக்கடைத்த குரல் அப்படியே கேட்கும். யாரோ அதைத் திருப்பிப் பாட வைக்காமல் அவசரத்தில் விட்டிருக்கிறார்கள்.

எனக்கு அந்த ஜலதோஷம்தான் பிடித்தது. இரண்டாவது பக்கத்தில் ‘கொடிக்கயிறு’ என்று ஒரு பாட்டு. டிரம் மெஷின் அதில் கிடையாது. தாடிக்காரர் ஈரத்துணியைக் காட்டி, எப்போது காயும், எப்போது காயும் என்று அவசரப்படுத்துவார். மாலதி அந்த அடைத்த மூக்கோடு, ‘காயட்டும் காயட்டும், என்ன அவசரம்’ என்பாள். அவ்வளவுதான், அதையே திரும்பத் திரும்ப. பிரசவத்துக்கு நான் என் அம்மா வீட்டில் இருந்த நாளெல்லாம் அதைத்தான் கேட்டேன். நாள் தள்ளிப்போய், ஆளாளுக்குக் கவலைப்பட்டபோது வயிற்றைத் தடவிக்கொண்டு, ‘காயட்டும் காயட்டும்’ என்று உனக்கு மட்டும் கேட்கிற மாதிரி பாடினேன். நான் பாடுகிறவள் இல்லை. என் குரல் எனக்கே பிடிக்காது. கோயிலில்கூட உதட்டை மட்டும் அசைப்பவள். உன் அப்பாவுக்குக் கட்டிய நாளாக என் பாட்டு தெரியாது; “ஒங்கம்மா பாடுனா நம்ம ஜெராக்ஸ் மெஷினே பரவால்லன்னு ஆயிடும்” என்று அவர் உன்னிடம் கேலி செய்வாரே, கேட்காமலே செய்த கேலி அது. உனக்கு மட்டும்தான் பாடியிருக்கிறேன். தலைக்கு ஊற்றி, துண்டால் துவட்டும்போது நீ நெளிவாய். நான் ‘காயட்டும் காயட்டும்’ என்பேன், நீ ‘என்ன அவசரம்’ என்பாய். கதவைச் சாத்திக்கொண்டு நாம் இரண்டு பேரும் பாடிய பாட்டு அது.

பொறாமை எனக்குப் புதிதில்லை என்பதும் உனக்குத் தெரியும். நீ எல்.கே.ஜி. படித்தபோது உங்கள் மிஸ் பொட்டு வைக்கிற மாதிரிதான் எனக்கும் வை என்று கண்ணாடி முன்னால் அடம் பிடித்தாய். அந்த மிஸ்ஸை நான் பேரண்ட்ஸ் மீட்டிங்கில் முறைத்த முறைப்பில் அந்தப் பெண் பயந்து, “பாப்பா நல்லா படிக்கறாங்க மேடம்” என்று எழுந்தே நின்றுவிட்டாள். காலேஜில் உன் சிநேகிதி வீட்டுச் சாம்பாரை நீ புகழ்ந்த வாரம் நம் வீட்டில் சாம்பாரே வைக்கவில்லை. எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தாலும் ‘மொட்டைமாடி’ என்னுடையது, அதில் யாரும் கை வைக்க முடியாது என்று நிம்மதியாக இருந்தேன். அந்தக் கேசட்டை ஊரே ஒதுக்கியதால் அது நமக்கு மட்டும் சொந்தம் என்று ஓர் எண்ணம்.

‘கடைசி பஸ்’ வந்தபோது உனக்கு இரண்டு வயது இருக்கும். மாலதி குழுவை விட்டுப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். கல்யாணம் என்றார்கள், சண்டை என்றார்கள். எதுவானாலும் நான் மாலதி கட்சி. இருந்தும் கேசட்டை வாங்கினேன். முதல் பாட்டிலேயே பஸ் எஞ்சின் உறுமுகிறது, உறுமுகிறது, உறுமிக்கொண்டே இருக்கிறது, பாட்டு வரவில்லை. அப்புறம் தாடிக்காரர் தனியாக, தூக்கத்தில் முனகுகிற மாதிரி ஆரம்பித்தார். கேட்டார், கேட்டார், பதில் சொல்ல ஆளில்லை. எனக்கு எரிச்சல் வந்து நிறுத்திவிட்டேன். அடுத்த நாளே பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அதைத் தூக்கிக் கொடுத்தேன். மாலதி இல்லாமல் என்ன கலர் சோடா? வெறும் தண்ணீர் என்று முடிவு கட்டினேன். அந்த முடிவை இத்தனை வருஷத்தில் மறுபடி யோசிக்க வேண்டிய அவசியமே வரவில்லை, நீ சிதம்பரத்தில் வாழப் போகிற வரைக்கும்.

கல்யாணமான புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தாய். “அம்மா, அத்தைக்கும் கலர் சோடா தெரியுதும்மா” என்றாய். குதூகலமாகச் சொன்னாய். எனக்கும் முதலில் பெருமையாகத்தான் இருந்தது. நல்ல இடத்தில் கொடுத்திருக்கிறோம் என்று உன் அப்பாவிடம்கூடச் சொன்னேன். அடுத்த வாரம், “அத்தைக்கு அஞ்சாவது கேசட்டுதாம்மா உசுரு” என்றாய். சரி, ஆளுக்கொரு ரசனை. அதற்கடுத்த வாரம், “அத்த டேப்புல கேட்டா தனி சவுண்டும்மா, நீ சரியாக் கேக்கலன்னு நெனைக்கிறேன்” என்றாய். அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. மாமா பஹ்ரைனில் இருந்தபோது அனுப்பிய வாக்மேன், அதை மாட்டிக்கொண்டு அத்தை ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் டியூட்டிக்குப் பஸ்ஸில் போனது, பிள்ளையைத் தனியாக வளர்த்தது, அந்தப் பாட்டுதான் துணை என்று எல்லாம் அடுக்கினாய். நானும் உன்னை வளர்த்திருக்கிறேன், நானும் பஸ்ஸில் போயிருக்கிறேன். எனக்கு யாரும் வாக்மேன் அனுப்பவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். பிறகு ஒருநாள் நீயே, “யோசிச்சுப் பாத்தா ‘கடைசி பஸ்’ கொஞ்சம் பெரிய வேலதான்மா” என்றாய். போனை வைத்துவிட்டு அன்று நான் வந்தவர்களுக்கெல்லாம் இரண்டு பக்கமும் தலைகீழாக ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன்.

ஆகவே வளைகாப்பு அன்று நீ வர மாட்டேன் என்றபோது, செக்கப்பு, ஆஸ்பத்திரி எதுவும் என் காதில் விழவில்லை. கட்சி மாறிவிட்டாள், முழுசாக மாறிவிட்டாள் என்றுதான் தோன்றியது.

இனிமேல் சொல்லப்போவது உனக்குத் தெரியாது. போன வாரம் ஒரு மத்தியானம் உன் அத்தை நம் கடைக்கு வந்தார். உன்னிடம் வடலூருக்குப் போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாராம். போய்க் கும்பிட்டுவிட்டு அங்கிருந்து கடலூர் பஸ் பிடித்திருக்கிறார். வெயிலில் முகம் கறுத்துப்போயிருந்தது. நான், “வாங்க அண்ணி” என்றேன், ஆனால் எழுந்திருக்கவில்லை. அவரும் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, பையிலிருந்து ‘கடைசி பஸ்’ கேசட்டை எடுத்து டேபிள் மேல் வைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைக்கே கொண்டுவந்துவிட்டாரே என்று.

“இதக் குடுக்க வரலண்ணி” என்றார். “ஒரு விசயம் சொல்லணும். பாப்பாவுக்குப் பிரஷர் ஜாஸ்தியா இருக்குது. பயப்பட ஒண்ணும் இல்ல, மாத்திர குடுத்திருக்காங்க, தெனம் நான் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். ஆனா அவ பயப்படுறா. ஒங்ககிட்ட சொன்னா நீங்க ஒடஞ்சிடுவீங்கன்னு என்னயும் சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டா. அவ வராததுக்குக் காரணம் கேசட்டுன்னு நீங்க நெனச்சுக்கிட்டு இருக்கீங்க. அதான் வந்தேன்.”

பாப்பா, அந்த நிமிஷம் எனக்கு முதலில் பயம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. என் கையை அவர்தான் பிடித்துக்கொண்டார். ஆனால் பயத்தோடு கூடவே, ஒரே மூச்சில், இன்னொன்றும் வந்தது. உன் பயத்தைக்கூட நீ அவரிடம்தான் சொல்லியிருக்கிறாய். சின்ன வயதில் இடி இடித்தால் என் புடவைக்குள் நுழைந்தவள், கணக்குப் பரீட்சை என்றால் முந்தின நாள் என் பக்கத்தில்தான் படுப்பேன் என்றவள், இந்தப் பயத்தைக் கொண்டுபோய் இன்னொருத்தி மடியில் வைத்திருக்கிறாய். பாட்டைக் கொடுத்ததைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், பயத்தைக் கொடுத்ததைப் பொறுக்க முடியவில்லை. நர்ஸ் என்பதால் சொல்லியிருப்பாய், எனக்குத் தெரிகிறது. தெரிந்து என்ன, எரிவது எரிந்துகொண்டுதான் இருந்தது. அதை மறைக்கவும் தோன்றவில்லை. “என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல அண்ணி, அவ என் பொண்ணு” என்று அழுதேன். உன் அத்தை சமாதானம் சொல்லவில்லை. “எனக்கும் ஒண்ணு இருக்குது, அதயும் கேட்டுட்டு அழுவுங்க” என்று சொல்லி, அலமாரி மேல் தூசி படிந்து கிடந்த நம் டேப்பைக் காட்டி, “இது ஓடுமா?” என்றார்.

ஓடியது. மின்விசிறியை நிறுத்திவிட்டு இரண்டு பேரும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தோம். ‘கடைசி பஸ்’ஸை முதல் முறையாக முழுசாகக் கேட்டேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: இன்னும் எனக்கு அது அலுப்பான கேசட்தான். எஞ்சின் சத்தம் அவ்வளவு நேரம் தேவையே இல்லை. சில்லறை இல்லாத கண்டக்டர் பாட்டு பரவாயில்லை, சிரித்தேன். ஜன்னலோர சீட்டுப் பாட்டில் கிடார் நன்றாக இருக்கிறது, அதை ஒத்துக்கொள்கிறேன். ‘மொட்டைமாடி’ முழுக்கத் தேடினாலும் அப்படிக் கிடார் கிடைக்காது. ஆனால் ‘மொட்டைமாடி’யில் நாலு பேர் ஒரே வீட்டில் இருக்கிற சத்தம் உண்டு. சண்டை போட்டாலும் வீடு. இதில் ஓர் ஆள் தனியாக உட்கார்ந்திருக்கிறான். உன் அத்தைக்கு ஏன் இது பிடித்தது என்று அப்போதுதான் விளங்கியது. அவரும் அந்த வருஷங்களில் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தார்.

கடைசிப் பாட்டு ‘இறங்குற இடம்’. அது வருமுன் உன் அத்தை டேப்பின் மேல் கை வைத்து, “இதக் கவனமாக் கேளுங்க” என்றார். தாடிக்காரர் இரண்டு வரி கேட்கிறார்: நான் இறங்குகிற இடத்தில் யார் நிற்பார்கள் என்று. அப்புறம் அவர் நிறுத்துகிறார். பழைய வழக்கப்படி மாலதி பதில் சொல்ல வேண்டிய இடம் அது. யாரும் பாடவில்லை. கிடார் மட்டும் அடக்கமாகத் தாளம் போட்டுக்கொண்டு போகிறது, அவள் பாடியிருந்தால் எவ்வளவு நேரம் ஆகியிருக்குமோ அவ்வளவு நேரம். பிறகு அவள் ஏதோ பதில் சொன்ன மாதிரியே அவர் அடுத்த வரியை எடுக்கிறார். பாட்டு முழுக்க அப்படித்தான். வேறு ஒரு பெண்ணைப் பாட வைத்திருக்கலாம், வைக்கவில்லை. அவள் இடத்தை அவளுக்கே விட்டு வைத்திருக்கிறார்கள். மாலதி கட்சி என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்த நான் அதைக் கேட்டதே இல்லை.

“முப்பது வருசமா இந்த எடத்த நான் சும்மாத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன்” என்றார் உன் அத்தை. “பஸ்ஸுல போவும்போது இந்த எடம் வந்தா நானும் பேச மாட்டேன், மூச்சுகூட மெதுவாத்தான் விடுவேன். இப்ப ஒங்க பொண்ணு வந்தா. அடுப்பங்கரையில வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருப்பா, நான் இதப் போடுவேன். சரியா இந்த எடம் வரும்போது ‘காயட்டும் காயட்டும், என்ன அவசரம்’னு பாடுறா. தாளம் அப்படியே பொருந்துது அண்ணி. அவ பாடுறது அவளுக்கே தெரியாது. மொத நாளு எனக்குக் கோவம் வந்துச்சு. என்னோட எடத்துல வந்து அவ அம்மா பாட்டப் பாடுறாளேன்னு. இப்ப அவ இல்லாதப்ப தனியாக் கேட்டாலும் எனக்கு ஒங்க பாட்டுதான் காதுல விழுது. என் கேசட்டயே என்னால பழையபடி கேக்க முடியல. நீங்க என்னடான்னா நான் ஒங்க பொண்ணப் புடிச்சிக்கிட்டேங்கிறீங்க.”

நான் என்ன செய்தேன் தெரியுமா? பாவம் என்று நினைக்கவில்லை. ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். இத்தனை நாள் கழித்து அன்றுதான் வயிறு குளிர்ந்தது. அவர் முகத்தைப் பார்த்தால் அங்கேயும் அதே எரிச்சல், என்னுடையதேதான், அச்சு மாறாமல். நர்ஸ் வேலை பார்த்த பொறுமைசாலி, பேச்சில் ஒரு சொல் அதிகமாக வராத மனுஷி, உள்ளே என்னைப் போலவே வெந்துகொண்டிருந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். பின்னால் சாப்பாட்டுக்கு வந்த உன் அப்பா, இரண்டு சம்பந்தியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பதைப் பார்த்துவிட்டு, உள்ளே வராமல் அப்படியே டீக்கடைப் பக்கம் போய்விட்டார்.

உனக்கு என்று அறிவுரை சொல்ல எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. உன் பிள்ளை பிறந்து, தவழ்ந்து, ஒருநாள் உன்னைத் தாண்டி இன்னொருத்தரைப் பார்த்துக் கையை நீட்டும். அது உன் அத்தையாக இருக்கலாம், நானாக இருக்கலாம், தெருவில் போகிற யாராகவும் இருக்கலாம். உனக்கு எரியும். நல்ல அம்மாவுக்கு எரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதே. ஆனால் என்னைப் போல அதை அடக்கி வைத்து, வேன் வாசலில் ஊர் முன்னால் கொட்டாதே. எரியும்போதே எரிகிறது என்று சொல்லிவிடு. உன் அத்தை பஸ் ஏறி வந்து சொன்னார் பார், அந்த மாதிரி. அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. நீ பயந்துகொண்டிருந்த நேரத்தில் அதைச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அது எனக்கு நெஞ்சில் குத்திக்கொண்டே இருக்கிறது.

போகும்போது உன் அத்தை, “நீங்க வந்து எங்ககூட இருங்கண்ணி. மாடி ரூமு சும்மாத்தான் கெடக்குது” என்றார். பெண் கொடுத்த வீட்டில் ஒருவேளைக்கு மேல் கை நனைக்காத குடும்பம் நம்முடையது. பெண்ணின் அம்மா சம்பந்தி வீட்டில் மூட்டையோடு போய்த் தங்கினாள் என்றால் உன் பெரியம்மா அடுத்த பத்து விசேஷத்துக்கு அதையே பேசுவாள். உன் அப்பாவிடம் கேட்டேன். “போ. இங்க இருந்து என்னாத்தப் பண்ணப் போற, தலகீழா ஜெராக்ஸ் எடுக்கவா?” என்றார். கடையை அவர் பார்த்துக்கொள்கிறாராம். உன் அறைக்குப் போட்ட கொசுவலை வீணில்லை, குழந்தையோடு நீ வரும்போது ஆகும்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். ‘மொட்டைமாடி’ பையில் இருக்கிறது. உன் அத்தையிடம் சொல்லிவிடு, காலையில் என்னுடையது, சாயங்காலம் அவருடையது. இதில் பேச்சுக்கு இடமில்லை. இன்னும் எனக்கு எரியத்தான் செய்கிறது, நீ அவரை ‘அத்தை’ என்று கூப்பிடுகிற குழைவு போதும் அதற்கு. ஆனால் இனி உன் பயத்தில் பாதி எனக்கும் வர வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஒரு கை அவர் பிடிக்கட்டும், ஒரு கை எனக்கு.

இன்னொன்று. அந்தக் கடைசிப் பாட்டு ஓடும்போது, யாரும் பாடாத அந்த இடம் வந்தால், நீயும் பாடாதே, உன் அத்தையும் மூச்சுவிட வேண்டாம். கதவு திறந்தே இருக்கட்டும். அதை நான் பாடுகிறேன்.

உன் அம்மா